பேர்னாட் கட்ஸ்: ஹட்டனில் ஆற்றிய நினைவுரை

தலைவர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோரே, நாற்காலி போதாமல் யன்னலோரம் நின்றுகொண்டிருக்கும் உயர்தர மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழைப் பார்த்த என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "சேர், லண்டனில் காலமான ஒரு பேராசிரியருக்கு ஹட்டனில் எதற்கு நினைவுக் கூட்டம்?" நியாயமான கேள்விதான். நான் சொன்ன பதில் இது. அந்த மனிதர் பிறந்த நாடு அவரைத் தன் பிரஜையாக ஏற்கவில்லை. அவருடைய அப்பா வேறு நாட்டிலிருந்து வந்தவர் என்பதுதான் காரணம். இந்தக் கதையை இலங்கையின் தேயிலை மலைகளில் இருக்கும் நம் ஹட்டனில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

நரம்பு தசைக்குச் செய்தி சொல்லும் விதத்தை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற பேராசிரியர் பேர்னாட் கட்ஸ் 1911 மார்ச் 26ஆம் திகதி ஜேர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தார். அப்பா மக்ஸ் கட்ஸ், ரஷ்யப் பேரரசிலிருந்து வந்து விலங்குத் தோல் வியாபாரம் செய்த ஒரு யூதர். மகன் பிறந்ததும் படித்ததும் சதுரங்கம் ஆடிப் பழகியதும் லைப்சிக்கில். ஆனாலும் காகிதத்தில் குடும்பம் ரஷ்யக் குடும்பம். அப்புறம் ரஷ்யாவில் புரட்சி வந்தது, அந்தக் காகிதமும் செல்லாமல் போனது. ஒரு பக்கம் ஜேர்மனி "நீ எங்கள் ஆள் இல்லை" என்றது, மறுபக்கம் ரஷ்யா கையை விரித்தது. சின்னப் பையனாக இருக்கும்போதே அவர் நாடற்றவர்.

இந்த மண்டபத்தில் அறுபது வயதுக்கு மேல் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், நீ இங்கே பிறந்தாயா என்பதோடு நிற்கவில்லை. உன் அப்பா இங்கே பிறந்தாரா, இல்லையென்றால் அப்பாவழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, அதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவருக்கு யார் அத்தாட்சி எழுதி வைத்தார்கள்? இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஒரு கேள்வியில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது 9,75,000 பேர் கணக்கில் இருந்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கும் வழிவிட்ட சட்டம் நிறைவேறியது 2003இல். பேராசிரியர் கட்ஸ் லண்டனில் காலமானதும் அதே 2003இல்தான், ஏப்ரல் 20ஆம் திகதி. இதில் ஒரு தொடர்பும் கிடையாது, தற்செயல். ஆனாலும் நான் கவனித்தேன், உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1929இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கப் போனார். உடல் எப்படி வேலை செய்கிறது என்று படிக்கும் உடற்றொழிலியல் பிடித்துப்போயிற்று. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். அந்த ஆண்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பரிசு ஒன்றுக்குக் கட்டுரைகளைச் சொந்தப் பெயர் போடாமல் அனுப்ப வேண்டியிருந்தது. கட்ஸும் அனுப்பினார். அவருடையதுதான் முதலிடம். உறையைப் பிரித்தால் உள்ளே யூதப் பெயர்! பேராசிரியர் சபையில் எழுந்து, ஆரியர் அல்லாதவருக்கு இந்தப் பரிசைத் தர முடியாது என்று அறிவித்தார். அப்புறம் தனியாகக் கூப்பிட்டுப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பேராசிரியரை நான் நல்லவர் என்றும் சொல்ல மாட்டேன், கெட்டவர் என்றும் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்டவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு.

அந்த நேரத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு குரல் கேட்டது. ஏ. வி. ஹில் என்ற பேராசிரியர். தசை சுருங்கும்போது வெளிப்படும் வெப்பத்தை அளந்து 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர். ஜேர்மனி தன் விஞ்ஞானிகளைத் துரத்துவதைக் கண்டித்து அவர் ஓர் உரை ஆற்ற, அது 'நேச்சர்' சஞ்சிகையில் வந்தது. நாஜிகள் பக்கம் நின்ற ஜோகன்னஸ் ஸ்டார்க் என்ற பௌதிகவியலாளர் அதற்கு மறுப்பு எழுதினார். அவரும் நோபல் பரிசு பெற்றவர்தான். நோபல் பரிசு வாங்கினால் மனிதன் திருந்திவிடுவான் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த வாதப் பிரதிவாதத்தை லைப்சிக்கில் உட்கார்ந்து வாசித்த மாணவன் கட்ஸ், போனால் இந்த ஹில்லிடம்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தார். மருத்துவப் பட்டத்தை வாங்கிக்கொண்டு 1935 பெப்ரவரியில் இங்கிலாந்தில் போய் இறங்கினார், நாடற்றவராகவே.

ஹில் அவரை லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் தன் ஆய்வுகூடத்தில் சேர்த்துக்கொண்டார். இந்த இடத்தில் ஆசிரியர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன். கட்ஸுக்கு மூளை இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் கதவைத் திறக்க ஓர் ஆள் இருந்தார். துரத்தப்பட்ட கல்விமான்களுக்கு உதவ 1933இல் இங்கிலாந்தில் ஒரு சபையே அமைத்தார்கள். ரதர்ஃபோர்ட் அதற்குத் தலைவர், ஹில் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர். நம் மலையகத்தில் 1940களிலும் 50களிலும் இருந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். நாடு முழுக்க இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பெடுத்தது 1970களில். அந்த முப்பது ஆண்டுகளில் எத்தனை கட்ஸ்கள் ஐந்தாம் வகுப்போடு, தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனார்களோ, அதற்கு எந்தப் பதிவேடும் கிடையாது.

ஹில்லைப் பற்றி இன்னொன்று. அமெரிக்காவில் அவர் விரிவுரை முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்து, இந்த ஆராய்ச்சியால் என்ன பிரயோசனம் என்று கேட்டாராம். ஹில் சுற்றி வளைத்து ஏதேதோ சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் உண்மையைச் சொன்னார்: பிரயோசனத்துக்காகச் செய்யவில்லை ஐயா, சுவாரசியமாக இருக்கிறது, அதனால் செய்கிறோம். கட்ஸுக்கு வாழ்நாள் முழுக்கப் பிடித்த பதில் அது. பிரயோசனம் எங்கே வந்து சேர்ந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1939இல் கட்ஸ் சிட்னிக்குப் போனார். அங்கே ஜோன் எக்கில்ஸ் நடத்திய ஆய்வுகூடம். ஹங்கேரியிலிருந்து தப்பி வந்த ஸ்டீபன் குஃப்ளரும் அங்கே சேர்ந்திருந்தார். மூன்று பேரும் தவளையையும் பூனையையும் வைத்துக்கொண்டு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை ஆராய்ந்தார்கள். போருக்கு நடுவே, 1941இல், கட்ஸுக்குப் பிரித்தானியப் பிரஜாவுரிமை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது முப்பது. அடுத்த ஆண்டே அவுஸ்திரேலிய விமானப்படையில் ராடர் அதிகாரியாகச் சேர்ந்து நியூகினிப் பக்கம் போய்விட்டார். 1945இல் சிட்னிப் பெண் மார்கரிட்டைக் கலியாணம் செய்து, 1946இல் மறுபடியும் ஹில்லிடம் லண்டனுக்கு வந்தார். 1952இல் அங்கே உயிர்ப்பௌதிகப் பேராசிரியர். 1978இல் ஓய்வு பெறும்வரை அதே கல்லூரி, அதே துறை. இடம் மாறவே இல்லை. சின்ன வயதில் போதுமான அளவு இடம் மாறிவிட்டார் போலும்.

இனி உயர்தர உயிரியல் மாணவர்களுக்கான பகுதி. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், பயமுறுத்த மாட்டேன்.

நரம்பு தசையில் முடியும் இடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவே ஓர் இடைவெளி. ஒரு மில்லிமீற்றரை இருபதாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. மூளையிலிருந்து வந்த செய்தி அந்த இடைவெளியை எப்படிக் கடக்கிறது? ஒரு கட்சி, மின்பொறி தாவுகிறது என்றது. இன்னொரு கட்சி, நரம்பு நுனியிலிருந்து ஓர் இரசாயனம் சுரக்கிறது என்றது. ஒஸ்திரியாவில் ஓட்டோ லோவி 1921இல் தவளை இதயத்தில் செய்த பரிசோதனையும் லண்டனில் ஹென்றி டேல் குழுவினரின் வேலையும் இரசாயனத்தின் பக்கம் நின்றன. அந்த இரசாயனத்தின் பெயர் அசற்றைல்கோலின், பரீட்சையில் வரும். மின்பொறிக் கட்சியின் தலைவர் யார் தெரியுமா? கட்ஸின் சிட்னி முதலாளி எக்கில்ஸ்தான். 1951இல் எக்கில்ஸ் தன் கையாலேயே செய்த பரிசோதனையில் தன் கொள்கை பிழை என்று கண்டு, அதை வெளிப்படையாகச் சொல்லிக் கட்சி மாறினார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். 1963இல் அவருக்கும் நோபல் கிடைத்தது.

சரி, இரசாயனம் என்றாகிவிட்டது. எப்படிச் சுரக்கிறது? குழாயைத் திறந்த மாதிரி ஓடுகிறதா, அளந்து வருகிறதா?

1950 வாக்கில் கட்ஸும் போல் ஃபாட் என்ற இளைஞரும் தவளைத் தசைக்குள் மிக நுண்ணிய கண்ணாடி முனையைச் செலுத்தி மின்னழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நரம்பைத் தூண்டவில்லை, தசை சும்மா கிடந்தது. ஆனால் திரையில் கோடு சும்மா இருக்கவில்லை. ஏறக்குறைய ஒரு விநாடிக்கு ஒன்றாக, ஒழுங்கில்லாமல், சின்னச் சின்ன மேடுகள் வந்தன. ஒவ்வொன்றும் அரை மில்லிவோல்ற்று அளவு. யாராக இருந்தாலும் கருவியில் கோளாறு என்று வயரை ஆட்டிப் பார்ப்பார்கள், புவித்தொடுப்பைச் சரிசெய்வார்கள். இவர்களுக்கும் முதலில் இரைச்சல் என்ற சந்தேகம்தான். ஆனால் அந்த இரைச்சல் நரம்பு வந்து தொடும் இடத்தில் மட்டும் வருகிறது, தசையில் கொஞ்சம் தள்ளிக் குத்தினால் இல்லை. அசற்றைல்கோலினைத் தடுக்கும் குராரே நஞ்சைப் போட்டால் மேடுகள் சுருங்குகின்றன. அசற்றைல்கோலின் அழியாமல் காக்கும் மருந்தைப் போட்டால் பெரிதாகின்றன. கருவிக் கோளாறுக்கு மருந்து வேலை செய்யுமா? செய்யாது. அப்படியானால் நரம்பு நுனி ஓய்விலும் ஏதோ ஒன்றைத் தானாக வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது.

அடுத்த கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நோபல் பரிசை மறந்துவிடுங்கள், 1954இல் யோசே டெல் காஸ்தியோ என்ற ஸ்பானியருடன் கட்ஸ் போட்ட கணக்கைப் பாருங்கள். நரம்பு தசையை இயக்கும்போது சுரப்பதை மிகமிகக் குறைத்தால் என்ன ஆகும்? கரைசலில் கல்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைக் கூட்டினார்கள். இப்போது நரம்பைத் தூண்டினால் சிலவேளை தசையில் ஒன்றுமே வருவதில்லை. வந்தால், ஓய்வில் பார்த்த அதே சின்ன மேட்டின் அளவு. அல்லது அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு. ஒன்றரை மடங்கைச் சுற்றி எதுவும் குவியவில்லை. தொழிற்சாலையிலிருந்து போகும் தேயிலை லொறியில் எத்தனை சாக்கு ஏறினாலும் அரைச் சாக்கு ஏறாது அல்லவா, அந்த மாதிரி. பொசோன் என்ற பிரெஞ்சுக் கணிதர் விட்டுப்போன ஒரு சூத்திரம் இருக்கிறது. எத்தனை தடவை ஒன்றும் வரவில்லை என்பதை மட்டும் அதில் போட்டால், எத்தனை தடவை ஒன்று வரும், எத்தனை தடவை இரண்டு வரும் என்று அது சொல்லிவிடும். இவர்கள் போட்டார்கள். எண்ணிப் பார்த்ததும் சூத்திரம் சொன்னதும் பொருந்தின. வெறும் பூச்சியங்களை எண்ணி, கண்ணுக்குத் தெரியாத பொட்டலங்கள் இருப்பதை நிறுவிவிட்டார்கள்! ஒவ்வொரு பொட்டலத்திலும் ஆயிரக்கணக்கான அசற்றைல்கோலின் மூலக்கூறுகள். அதே காலத்தில் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நரம்பு நுனிகளைப் பார்த்தவர்கள், உள்ளே சின்னச் சின்னப் பைகள் நிறைந்து கிடப்பதைக் கண்டார்கள்.

உயிரியல் படிப்பவர்களுக்குக் கணிதம் எதற்கு என்று என்னிடம் கேட்காத வகுப்பு கிடையாது. ஒவ்வொரு வருடமும் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

மெக்சிக்கோவிலிருந்து வந்த ரிக்கார்டோ மிலேடியுடன் 1960களில் கட்ஸ் கல்சியத்தின் வேலையைத் துல்லியமாகக் காட்டினார். நரம்பு நுனிக்குள் கல்சியம் நுழைந்தால்தான் பைகள் திறக்கும். 1970களின் தொடக்கத்தில் இருவரும் இன்னும் நுண்ணிய இன்னோர் இரைச்சலைப் பிடித்து அலசினார்கள். அசற்றைல்கோலின் பட்டதும் தசைச் சவ்வில் ஒவ்வொரு வாயிலும் திறந்து மூடும் சலசலப்பு அது. அந்த ஆண்டுகளில் அவருடைய ஆய்வுகூடத்தில் பயின்ற பேர்ட் சக்மன் என்ற ஜேர்மன் இளைஞர், பின்னாளில் ஏர்வின் நேயருடன் சேர்ந்து ஒற்றை வாயில் திறப்பதையே நேரடியாகப் பதிவு செய்து 1991இல் நோபல் வாங்கினார். கட்ஸுக்கு நோபல் 1970இல் வந்தது, ஊல்ஃப் வொன் ஒய்லர், ஜூலியஸ் அக்சல்றொட் இருவரோடும் பகிர்ந்து. 'சேர்' பட்டம் அதற்கு முந்தைய ஆண்டு. பரிசுகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது பிரயோசனத்துக்கு வருகிறேன். அதற்கு லண்டனிலிருந்து நம் மலைநாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கும் பேராதனைக்கு வர வேண்டும்.

சுரந்த அசற்றைல்கோலின் தன் வேலையை முடித்ததும் உடனே அழிக்கப்பட வேண்டும். அதற்கென்று ஒரு நொதியம் அந்த இடைவெளியிலேயே காத்திருக்கிறது. நம் மரக்கறித் தோட்டங்களில் பல காலமாக அடித்த ஓகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதியத்தைத்தான் கட்டிப்போடுகின்றன. அப்புறம் இரசாயனம் தேங்குகிறது. தேங்கினால் என்ன ஆகும் என்பதையும் கட்ஸ் பார்த்திருந்தார். 1957இல் சுவீடன்காரரான தெஸ்லெஃபுடன் எழுதிய கட்டுரை அது. அசற்றைல்கோலின் விடாமல் பட்டுக்கொண்டே இருந்தால், அதை ஏற்கும் தசைப் பக்கம் மரத்துப்போய்ப் பதில் சொல்வதை நிறுத்திவிடுகிறது.

முப்பது ஆண்டு கழித்து, 1987இல், பேராதனையைச் சேர்ந்த நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் அமெரிக்காவின் பிரபல மருத்துவச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்த நஞ்சு ஏறி, முதல் ஆபத்திலிருந்து பிழைத்துவிட்ட நோயாளி, 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள் திடீரென்று கழுத்தைத் தூக்க முடியாமல், மூச்சு விட முடியாமல் போகிறார். அந்த நிலைக்கு இடைநிலை நோய்க்குறித் தொகுதி என்ற பெயர் அங்கேதான் கிடைத்தது. தசையின் மின் பதிவுகளை எடுத்துப் பார்த்து, கோளாறு இடைவெளிக்கு அந்தப் பக்கம், அதாவது ஏற்கும் பக்கம் இருக்கும் போலிருக்கிறது என்று எழுதினார்கள். இன்று உலகின் எந்த மூலையிலும் இந்த நஞ்சேறியவரைச் சேர்க்கும் வைத்தியர், நோயாளி தேறிவிட்டார் என்று முதல் நாளே வீட்டுக்கு அனுப்பத் தயங்குகிறார் என்றால், அந்தத் தயக்கத்துக்கு இந்த மலைநாட்டு வைத்தியசாலைப் பதிவுகளும் ஒரு காரணம். இந்தப் பூச்சிமருந்துகளில் மிகக் கொடியவற்றை இலங்கை 1984இலிருந்து ஒவ்வொன்றாகத் தடை செய்து வந்தது. அதனால் தப்பிய உயிர்கள் ஏராளம்.

இதற்கு முன்னால் நடந்த இன்னொன்று நம் வீட்டுக் கதை. 1977, 78இல் தேயிலைத் தோட்டப் பகுதியில் இருபது பேர் அளவில் இளம் பெண்களுக்குக் கால்கள் சோர்ந்து, பாதம் தொங்கி, நடக்க முடியாமல் போயிற்று. எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள். ஆண்களுக்கு வரவில்லை. ஏன் பெண்களுக்கு மட்டும்? சேனாநாயக்க விசாரித்துக்கொண்டே போனார். விடை நல்லெண்ணெயில் இருந்தது. வயதுக்கு வந்த பிள்ளைக்கு நாம் நல்லெண்ணெய் கொடுப்போமே, அதுதான். ட்ரைகிரெசில் பொஸ்பேற்று என்ற நஞ்சு அதில் கலந்திருந்தது. முன்பு இயந்திர எண்ணெய் வைத்திருந்த கொள்கலனில் நல்லெண்ணெய் ஏற்றி வந்ததால் கலந்திருக்கலாம் என்று கருதினார்கள். இதுவும் பொஸ்பேற்று வகைதான், ஆனால் இது தாக்கியது இடைவெளியை அல்ல, நீண்ட நரம்பு இழைகளையே. அதனால்தான் பாதம் முதலில் விழுந்தது. பிள்ளைகளின் நரம்புகளை மின்கருவியால் சோதித்து, மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து, 1981இல் அந்த நரம்பு உடற்றொழிலியல் ஆய்வை வெளியிட்டார்கள். பெயர் தெரியாத தோட்டத்துப் பிள்ளைகளின் கால்கள் உலக மருத்துவ நூலகத்தில் அப்படித்தான் ஏறின. எனக்கு அதில் பெருமையும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. அந்த வருடங்களில் அவர்களில் பலருக்கு நாடு இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

கணக்குப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல். சிலர் இந்தியாவுக்குப் போயிருக்கலாம், சிலர் இங்கேயே பாட்டிகளாக இருக்கலாம். யன்னலோரம் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டில் அம்மாயிடமும் அப்பாயிடமும் கேட்டுப் பாருங்கள், "அந்தக் காலத்தில் நல்லெண்ணெய் குடித்துக் கால் விழுந்த யாரையாவது தெரியுமா?" என்று. தெரிந்தால், அவர்கள் சம்மதித்தால், எழுதிக்கொண்டு வாருங்கள். எந்தத் தோட்டம், எத்தனை மாதம் நடக்கவில்லை, இப்போது எப்படி நடக்கிறார்கள் என்று. நான் இன்னும் ஹட்டனில்தான் இருக்கிறேன்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.